ஓங்கல் ஏன் சரிகிறது?

தாம்பரத்திலிருந்து தென்கிழக்கே கோவளம் கடற்கரைக்குச் சென்றால், கடலோரம் தாழ்ந்த மணல்வெளியாகவே இருக்கும். கடலை ஒட்டிச் சுவர்போல் நிற்கும் நிலத்தைக் காண, கேரளத்தின் வர்க்கலாவுக்குச் செல்லலாம். இத்தகைய நிலத்தை ஓங்கல் என்பர். வர்க்கலா ஓங்கல் சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. அதன் உச்சியிலே நடைபாதை செல்கிறது.

ஓங்கலின் மேற்பகுதி செம்புரைக்கல். அதன்கீழ் மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காக உள்ளன. நுண்துளைகள் வழியே இறங்கும் மழைநீரைக் களிமண் தடுக்கிறது. நீர் பக்கவாட்டில் ஓடி, ஓங்கலின் முகப்பில் ஊற்றாகக் கசிகிறது.

இதில் என்ன ஆபத்து? மணல் வீடு கட்டியிருப்பீர்கள் அல்லவா? மணல் சற்று ஈரமாக இருந்தால், நீரின் பரப்பு இழுவிசை துகள்களைப் பிணைக்கும். நீரை மிகுதியாக ஊற்றினால் பிணைப்பு மறைந்து வீடு சரியும். மென்மையான பாறையடுக்கிலும் நீர் நிறைந்தால் அதன் அழுத்தம் உயரும். துகள்களிடையே உராய்வு குறையும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் அடிப்பகுதியை வேறு அரிக்கின்றன. தாங்குவதற்கு ஏதுமற்ற மேற்பகுதி சரிகிறது.

ஆகவே, மாணவர்களே, அங்கே சுற்றுலா சென்றால் விளிம்பிலிருந்து விலகி நின்றே கடலைப் பாருங்கள். விரிசல் கண்ட பாதையில் நடக்காதீர்கள். ஓங்கலின் அடியில் நிழலுக்காக ஒதுங்கவும் வேண்டாம்.