கோயமுத்தூர் தாயி: அரக்கில் பதிந்த குரல்

கண்ணாடிக்குள் இருப்பது அரக்குத் தட்டு. விளிம்பு உடைந்த இடத்தில் உற்றுப் பாருங்கள். அரக்கு, கல்மாவு, கரிப்பொடியோடு பஞ்சுத் தூசியும் கலந்துதான் அந்தக் காலத்தில் இசைத்தட்டு வார்த்தார்கள். கலவையைப் பிடித்துவைத்தது பஞ்சு இழை. மில்லில் கூட்டி அள்ளுகிற அதே சமாச்சாரம்!

பழனிக்குஞ்சரம் என்ற கோயமுத்தூர் தாயி (1872–1917) சென்னையில் வாழ்ந்த பாடகி. ஆனாலும் தட்டின் மேல் அச்சானது நம் பக்கத்து ஊர்ப் பெயர். நம் திருப்பூரும் 2009 வரை கோவை மாவட்டம்தானே.

மைக் வராத காலம். தகரக் குழலுக்குள் முகத்தைக் கொடுத்துப் பாட வேண்டும். குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். பிசகினால் புது மெழுகு, மறுபடி முதலிலிருந்து. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். மணிக்கணக்கில் விரியும் ராகத்தை அதற்குள் மடித்துவைக்கத் தனித் திறமை வேண்டும். தாயிக்கு அது வாய்த்திருந்தது.

1912இல் இந்தியாவில் பயணம் செய்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாழ் அவர் குரலில் மயங்கினார். தாயி பாடிய அருட்பா இசைத்தட்டை வைத்தே ‘ராகமாலிகா’ என்ற பியானோ இசையை எழுதினார். பியானோவின் ஒரு தந்திக்கடியில் அட்டையைச் செருகி ஒலியை மங்கச் செய்யவும் சொன்னார். பாரிஸ் வரை போன அந்தப் பெயர் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

குழாயில் காது வைத்துக் கேளுங்கள். முதலில் கேட்கும் கரகரப்பு தட்டின் தேய்மானம்.