மூக்குக் குச்சிக்கு ஏன் தட்டுப்பாடு? எப்படித் தீர்ந்தது?

2020 மார்ச்சில் அமெரிக்க மருத்துவமனைகளைத் திணறடித்தது சின்னஞ்சிறு பொருள்: கோவிட் பரிசோதனைக்கு மூக்கின் ஆழத்திலிருந்து சளி எடுக்கும் குச்சி. அதைச் செய்வதில் முன்னணி நிறுவனங்கள் இரண்டு. ஒன்று மெய்ன் மாநிலத்தில், மற்றொன்று நோய் மூர்க்கமாகப் பரவிய இத்தாலியின் லொம்பார்டியில். புதிதாக ஒருவர் வழக்கமான முறையில் குச்சி செய்ய வேண்டுமானால் உலோக அச்சு வெட்ட வேண்டும், நுனியில் நைலான் இழை ஒட்டும் இயந்திரம் வேண்டும். வடிவம் பிசகினால் அச்சை மறுபடி வெட்ட வேண்டும். முப்பரிமாண அச்சுப்பொறியோ கணினி வரைபடத்தை அடுக்கடுக்காகப் பொருளாக்கிவிடும். காலையில் வளைக்கும்போது முறிந்த கழுத்தை மாலைக்குள் தடிமனாக்கி மீண்டும் வளைத்துப் பார்க்கலாம். பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை 160 வடிவங்களை ஆராய்ந்தது, தேறியவை 4; பிரச்சினையை உணர்ந்ததிலிருந்து முதல் வடிவம் தேற 22 நாட்களே ஆயின. இத்தனை வடிவங்களை இவ்வளவு சீக்கிரம் கழித்துக்கட்ட முடிந்ததுதான், என் பார்வையில், முப்பரிமாண அச்சின் பெரிய சாதனை.

அச்சிட்ட குச்சிக்கு விலை அதிகமாயிற்றே என்பார்கள். லட்சக்கணக்கில் செய்தால் அச்சுவார்ப்புதான் மலிவு; ஆனால் வடிவம் உறுதியாகுமுன் அச்சு வெட்டுவது பணத்தைப் பாழாக்குவது. தரமும் கைவிடப்படவில்லை: நீராவிக் கிருமிநீக்கம், பிசிஆர் பரிசோதனை முடிவைக் கெடுக்காமை, நோயாளிகளிடம் பழைய குச்சியோடு ஒப்பீடு எல்லாம் நடந்தன. அச்சிடும் பிசினும் ஒரே ஆலையிலிருந்து வந்தால் என்ன லாபம் என்ற கேள்வி மட்டும் வலுவானது. அதனால்தான் ஒவ்வொரு முக்கிய உதிரிப்பொருளுக்கும், இரண்டு மூலப்பொருள்களிலாவது சோதித்துத் தேறிய வரைபடம் நெருக்கடிக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.