கருவிழிப்படல நோய்கள்: கண் மருத்துவர்களின் தொடர் பயிற்சியும் நோயாளிகளின் நலனும்

கண்ணின் முன்புறத்தில், கடிகாரக் கண்ணாடி போல வளைந்து, ஒளி ஊடுருவும் தன்மையுடன் அமைந்துள்ள படலமே கார்னியா எனப்படும் கருவிழிப்படலம் ஆகும். இதன் நடுப்பகுதியின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் மட்டுமே. காயம், நோய்த்தொற்று, பிறவிக் குறைபாடு, முந்தைய கண் அறுவை சிகிச்சை போன்ற காரணங்களால் இப்படலம் தெளிவை இழந்தால் பார்வை மங்குகிறது. இந்நோய்களுக்கான சிகிச்சை முறைகள் அண்மைக் காலத்தில் பெரிதும் மாறியுள்ளன. ஆகவே, பட்டம் பெற்ற பின்னரும் கண் மருத்துவர் தொடர்ந்து பயில்வது நோயாளியின் பார்வையோடு நேரடித் தொடர்புடையதாகும்.

அறுவை சிகிச்சை எவ்வாறு மாறியுள்ளது?

மனிதரில் முதல் வெற்றிகரமான கருவிழி மாற்று அறுவை சிகிச்சையை 1905-ஆம் ஆண்டு எட்வார்ட் சிர்ம் என்ற மருத்துவர் செய்தார். அதன் பின்னர் நெடுங்காலம், படலத்தின் முழுத் தடிமனையும் அகற்றி, தானமாகப் பெற்ற படலத்தைத் தைத்துப் பொருத்துவதே பெரும்பாலும் வழக்கமாக இருந்தது.

இன்று, பல நோயாளிகளுக்குப் பழுதுற்ற அடுக்கை மட்டும் மாற்ற இயலும். முன் அடுக்குகளை மாற்றும் முறை 'டால்க்' எனவும், உள் அடுக்கை மாற்றும் முறைகள் 'டிசெக்', 'டிமெக்' எனவும் அழைக்கப்படுகின்றன. டிமெக் முறையில் பொருத்தப்படும் திசு, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே தடிமன் கொண்டது. உள் அடுக்கு மாற்று முறைகளில் வெட்டும் தையலும் குறைவு. பார்வை விரைவாகத் தெளிவடையும். டிமெக் முறையில் உடல் அத்திசுவை நிராகரிக்கும் வாய்ப்பும் முழுத்தடிமன் முறையைவிடக் குறைவு. ஆயினும், இத்துணை மெல்லிய திசுவைக் கிழியாமல் பிரித்து, கண்ணுக்குள் விரித்துப் பொருத்துவதற்குத் தனிப்பயிற்சி இன்றியமையாதது.

மருந்து சிகிச்சைக்கும் பயிற்சி தேவையா?

ஆம். வயல் வேலையின்போது நெல் உமி, இலை, குச்சி முதலியவை கண்ணில் பட்டால் பூஞ்சைத் தொற்றால் கருவிழிப்புண் ஏற்படலாம். இதற்கு நேட்டமைசின் என்ற பழைய மருந்து சிறந்ததா, வோரிகோனசோல் என்ற புதிய மருந்து சிறந்ததா என்பதை அறியத் தென்னிந்தியாவின் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. சொட்டு மருந்தாக நேட்டமைசினே சிறந்த பலன் அளித்தது என 2013-ஆம் ஆண்டு வெளியான முடிவுகள் காட்டின. புதியது எப்போதும் மேலானது அன்று என்பதை இத்தகைய ஆய்வுகளைக் கற்பதன் மூலமே மருத்துவர் அறிகிறார்.

பயிற்சி எவ்வாறு நடைபெறுகிறது?

மருத்துவர்கள் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை குறைந்தது 30 மணி நேரத் தொடர் மருத்துவக் கல்வியில் பங்கேற்க வேண்டும் என 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும ஒழுக்க நெறிமுறைகள் கூறுகின்றன. கருத்தரங்குகள், அனுபவமிக்க மருத்துவரின் மேற்பார்வையில் பணியாற்றுதல், செய்முறைப் பயிற்சிக்கூடங்கள் ஆகியவை இக்கல்வியின் வழிகளாகும். தானமாகப் பெறப்பட்டு, மாற்று சிகிச்சைக்கு ஏற்றவை அல்ல எனக் கண்டறியப்படும் கருவிழிகள் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தப்படுகின்றன. எனவே, ஒருவரின் கண் தானம் மாற்று சிகிச்சைக்கு உதவாவிடினும் வீணாவதில்லை.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

- கருவிழிப்படலத்தின் எந்த அடுக்கு பாதிக்கப்பட்டுள்ளது?
- முழுப் படலத்தையும் மாற்ற வேண்டுமா, ஓர் அடுக்கை மாற்றினால் போதுமா?
- இம்முறையில் தங்களுக்குப் பயிற்சி உள்ளதா? அல்லது வேறு மையத்திற்குச் செல்ல வேண்டுமா?
- எத்தனை காலம் சொட்டு மருந்து இட வேண்டும்?

இவ்வாறு கேட்பது நோயாளியின் உரிமை, மருத்துவரை ஐயுறுவதாகாது. அடுக்கு மாற்று முறை அனைவருக்கும் பொருந்தாது. ஆழ்ந்த தழும்பு அல்லது கடுமையான தொற்று உள்ளவர்களுக்கு முழுத்தடிமன் மாற்று சிகிச்சையே தேவைப்படலாம்.

நோயாளிகளும் பராமரிப்போரும் கவனிக்க வேண்டியவை

- கண்ணில் காயம் ஏற்பட்டபின் சிவப்பு, வலி, வெண்புள்ளி தோன்றினால் அன்றே கண் மருத்துவரை அணுகவும்.
- மருத்துவரின் பரிந்துரையின்றி ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை வாங்கி இடக்கூடாது. பூஞ்சைத் தொற்றை அது தீவிரமாக்கும்.
- தாய்ப்பால், மூலிகைச் சாறு போன்றவற்றைக் கண்ணில் விடக்கூடாது.
- டிமெக் சிகிச்சைக்குப் பின், மருத்துவர் கூறும் காலம் வரை மல்லாந்து படுத்திருக்க வேண்டும். கண்ணுக்குள் செலுத்தப்பட்ட காற்று அல்லது வாயுக்குமிழியே புதிய திசுவை அதன் இடத்தில் தாங்கி நிற்கிறது.
- மாற்று சிகிச்சை பெற்ற கண்ணில் சிவப்பு, ஒளிக்கூச்சம், பார்வை மங்கல், வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருப்பினும், உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். இவை நிராகரிப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். தாமதமின்றி சிகிச்சை பெற்றால் பொருத்தப்பட்ட திசுவைப் பல வேளைகளில் காப்பாற்ற இயலும்.