இளைப்பாறுதல் யாருக்கு?

பாடசாலை விடுமுறை நெருங்கும்போது திருகோணமலையில் வாழும் நமக்கு மலைநாட்டின் நினைவு எழுவது இயல்பே. சித்திரை வெயிலில் துறைமுகத்துக் காற்றும் அனலாய் வீசும் வேளையில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரை நாடாதவர் யார்?

சில ஆண்டுகளுக்கு முன் நாங்களும் குடும்பமாக அங்கே சென்றோம். முதிர்ந்த வயதுடைய என் தாயார், மனைவி, பிள்ளைகள் இருவர் ஆகியோருடன் வாடகை வானொன்றில் அதிகாலையிலேயே புறப்பட்டோம். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, கண்டி என்று வழி நீண்டது. மூன்று நாட்களில் பார்க்கவேண்டிய இடங்களையெல்லாம் நேரங்குறித்துத் தாளொன்றில் எழுதி வைத்திருந்தேன். இறம்பொடை நீர்வீழ்ச்சிக்குப் பதினைந்து நிமிடம். தேயிலைத் தொழிற்சாலைக்கு அரை மணி. ஹக்கலைப் பூங்காவுக்கு ஒரு மணி. பிள்ளைகள் நின்று பார்க்க விரும்பிய இடங்களிலெல்லாம் நேரமாகிறதென்று அவர்களைத் துரிதப்படுத்தினேன்.

இரண்டாம் நாள் மாலை கிரகரி வாவிக்கரையில் இருந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. அடுத்த இடத்திற்குப் புறப்படும்படி நான் சொன்னபோது, தாயார் வாங்கிலிருந்து எழும்பவில்லை.

"தம்பி, அந்தப் பொடியன் ஏதும் சாப்பிட்டவனோ?" என்று கேட்டார்.

எங்கள் சாரதியைத்தான் அவர் கேட்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அந்த இளைஞர் வானின் சில்லுப்பிடியில் தலைசாய்த்து உறங்கிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அறைகள் ஒழுங்கு செய்திருந்த நான், அவர் எங்கே படுத்தார் என்று கேட்கவேயில்லை. முதல்நாள் இரவு அந்தக் குளிரில் அவர் வானின் இருக்கையிலேயே கிடந்திருக்கிறார். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் எங்கள் ஐவரின் உயிரும் அவருடைய கண்விழிப்பிலேயே தங்கியிருந்தது என்பதை எண்ணியபோது என் உள்ளம் குத்துண்டது.

பிரியமானவர்களே, ஓய்வுநாளைப் பற்றிய கட்டளையை நாம் நன்கு அறிவோம். ஆனால் உபாகமம் 5:14-இல் அதற்குச் சொல்லப்படும் காரணத்தைக் கவனித்திருக்கிறோமா? வீட்டுத்தலைவன் இளைப்பாறுவதுபோலவே அவனுடைய வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாறவேண்டும் என்பதே அது. அந்நியனுக்கும், மாட்டுக்கும் கழுதைக்கும்கூட அங்கே பங்கு உண்டு. மாற்கு 6:31-இலும் இயேசு தம் சீஷரைத் தனிமையான இடத்திற்கு அழைப்பது, அவர்களுக்குச் சாப்பிடவும் நேரமில்லாதிருந்த வேளையிலேயாம். என் தாயாரின் கேள்வியும் அதுவாகவே இருந்தது.

அன்றே அந்தத் தாளைக் கிழித்தேன். சாரதியிடம் மன்னிப்புக் கேட்டு, அவருக்கும் ஓர் அறை எடுத்துக்கொடுத்தேன். மறுநாள் அவர் நெடுநேரம் உறங்கினார். நாங்களோ எங்கும் செல்லாமல் காலை முழுவதும் வாவிக்கரையில் அமர்ந்திருந்தோம். எதிரே மலைகளை மூடியிருந்த பனி மெல்ல விலகிற்று. பிள்ளைகள் அன்றுதான் மனம்விட்டுச் சிரித்தார்கள்.

"இந்தத் தண்ணி எங்க போகுது?" என்று தாயார் கேட்டார். 1873இல், ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் அமைக்கப்பட்ட அந்த வாவியின் நீர் நானு ஓயாவில் சேர்ந்து, கொத்மலை ஓயா வழியாக மகாவலியை அடைகிறது. 335 கிலோமீற்றர் நீளமுள்ள மகாவலியோ வழியெங்கும் வயல்களுக்கு நீர் தந்து, இறுதியில் நமது கொட்டியாரக்குடாவில் கலக்கிறது. இதைச் சொன்னதும், மூதூரில் பிறந்த அவருடைய முகம் மலர்ந்தது. "அப்ப, எங்கட ஊருக்குத்தான் வருகுது" என்றார்.

மலையில் பெய்த மழை மலைக்கு மட்டும் சொந்தமாய் நின்றுவிடுவதில்லை. நாம் பெறும் இளைப்பாறுதலும் அவ்வாறே பிறரிடம் பாயவேண்டாமா? அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடும்போது, வாகனம் ஓட்டுபவர் எங்கே உறங்குவார், விடுதியில் நமக்குப் பரிமாறுபவர் எப்போது உண்பார், சுற்றுலாவிலும் சமைத்துத் துவைக்கும் மனைவிக்கு ஓய்வு எப்போது என்று ஒருகணம் கேட்டுப்பார்ப்போம். அந்தக் கேள்வியோடு நம் பயணம் தொடங்கட்டும்.