‘டேட்டா போயிற்று’ என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தின் மண்டூரிலும் அதைச் சுற்றிய படுவான்கரைக் கிராமங்களிலும் கடைக் கொம்பியூட்டர் பழுதானால் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். உரக்கடையில் பில் மென்பொருளைத் திறக்கும்போது ‘டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மெல்ஃபோம்ட்’ என்று ஒரு வரி வருகிறது. கடைக்காரர் அந்த வரியைக் கைபேசியில் படம்கூட எடுப்பதில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு வாவியைக் கடக்கும் பாதையேறிக் குருமண்வெளிக்குப் போய், அந்தப் பக்கத்தில் எங்காவது ஒரு திருத்தும் கடையில் வைத்துவிட்டு வருகிறார். இரண்டு நாளில் பதில் வருகிறது: “டேட்டா எல்லாம் போயிற்று அண்ணன். ஃபோமட் பண்ணித்தான் தரலாம்.” அவரும் சரி என்கிறார். பெரும்போகத்துக்கு உரமும் மருந்தும் கடனாக வாங்கி, வெள்ளாமை வெட்டியதும் தருவதாகச் சொன்னவர்களின் கணக்கு முழுவதும் அந்த மெஷினில் இருந்த ஒரே கோப்பில்தான் இருந்தது.

மருந்துக்கடையின் இருப்புக் கணக்கு, பாடசாலைப் புள்ளிப் பட்டியல், சங்கத்தின் கடன் பேரேடு, கோயில் நன்கொடைக் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் இதே கதி நேர்கிறது. அந்த ‘எரர்’ வந்த நேரத்தில் கணக்கின் பெரும்பகுதி பத்திரமாகத்தான் இருந்திருக்கும். அதை இல்லாமற் செய்தது ஃபோமட். எரர் வந்ததும் எதையும் அழிக்கவோ புதிதாக நிறுவவோ ஃபோமட் பண்ணவோ வேண்டாம். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

விலை குறைந்த பில் மென்பொருள்களில் பலவற்றுக்குள் இருப்பது எஸ்கியூலைட் என்ற தரவுத்தள நூலகம். ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கியது இது. எவருக்கும் காப்புரிமை கிடையாது. உங்கள் கையிலுள்ள அண்ட்ரொய்ட் போனிலும், வட்ஸ்அப்பிலும், ஃபயர்ஃபொக்ஸிலும் இதுதான் ஓடுகிறது. தனியாக ஒரு சேர்வர் இல்லாமல் மென்பொருளுக்குள்ளேயே பதிந்திருப்பதும், முழுக் கணக்கையும் ஒரே கோப்பில் வைப்பதும் இதன் வசதி. ஆபத்தும் அந்த ஒரே கோப்பில்தான் இருக்கிறது. அதன் பெயரின் முடிவில் பெரும்பாலும் ‘டிபி’ என்றோ ‘எஸ்கியூலைட்’ என்றோ இருக்கும்.

ஆனால் மென்பொருள் வேலைசெய்யும்போது அந்தக் கோப்பு தனியாக இருப்பதில்லை. பக்கத்திலேயே அதே பெயரோடு ‘ஜேர்னல்’ என்று முடியும் கோப்பு ஒன்றோ, ‘டபிள்யூஏஎல்’, ‘எஸ்எச்எம்’ என்று முடியும் கோப்புகள் இரண்டோ தோன்றும். கணக்குப்பிள்ளை அன்றன்றைய வரவுசெலவைச் சிட்டையில் எழுதிவிட்டுப் பிறகு பேரேட்டுக்கு ஏற்றுவதைப் போலத்தான் டபிள்யூஏஎல் முறை. புதிய பதிவுகள் முதலில் அந்தத் துணைக் கோப்பில் விழும். அது சுமார் 4 மெகாபைட் அளவுக்கு வளர்ந்ததும் பிரதான கோப்புக்கு ஏற்றப்படும். வழக்கமான ஏற்பாடு இதுதான். மென்பொருள் திறந்திருக்கும்போதோ மின்சாரம் போய் அது பாதியில் நின்றிருக்கும்போதோ பிரதான கோப்பை மட்டும் பென் டிரைவில் ஏற்றினால், கடைசியாக எழுதிய கணக்கு அதில் வராது. சில வேளை கோப்பே உடைந்து வரும்.

ஜேர்னல் கோப்பு வேறு வகை. ஒரு பதிவு பாதியில் நின்றுபோனால் பழைய நிலைக்குத் திரும்பத் தேவையான பக்கங்கள் அதில் இருக்கும். அடுத்த முறை மென்பொருள் திறக்கும்போது எஸ்கியூலைட் அதை வாசித்துத் தானாகவே சீர்செய்துகொள்ளும். ‘லொக்ட்’ என்று வந்தால் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள் என்று யூடியூப்பில் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அழித்தால், சீராகியிருக்க வேண்டிய கணக்கு நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். அந்தத் துணைக் கோப்புகளைத் தொடாதீர்கள். திருத்துபவர் தொடப்போனாலும் தடுத்துக் காரணம் கேளுங்கள்.

எரர் வரிகள் எல்லாம் ஒன்றல்ல. ‘டேட்டாபேஸ் இஸ் லொக்ட்’ என்பது பழுதே அல்ல. வேறொரு நிரல் அந்த நேரத்தில் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அதே மென்பொருள் பின்னணியில் இன்னொரு முறை ஓடிக்கொண்டிருக்கலாம், வைரஸ் தடுப்பு மென்பொருள் பார்த்துக்கொண்டிருக்கலாம். டாஸ்க் மெனேஜரில் பார்த்து மூடினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ‘அட்டெம்ட் டு ரைட் எ ரீட்ஒன்லி டேட்டாபேஸ்’ என்றால் கோப்பிலோ கோப்புறையிலோ எழுத அனுமதியில்லை. ‘டேட்டாபேஸ் ஓர் டிஸ்க் இஸ் ஃபுல்’ என்றால் பெரும்பாலும் வட்டில் இடமில்லை. இந்த மூன்றுக்கும் ஃபோமட் பண்ணுகிறேன் என்று யாராவது சொன்னால் மெஷினைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வின்டோஸில் இன்னொரு பொறி இருக்கிறது. பழைய 32-பிட் மென்பொருள் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் எழுத முயன்றால், வின்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அந்த எழுத்து சத்தமில்லாமல் வேறிடத்துக்குத் திருப்பப்படுகிறது. பாவனையாளரின் ‘அப்டேட்டா’ கோப்புறைக்குள் ‘லோக்கல்’, அதற்குள் ‘வேர்ச்சுவல்ஸ்டோர்’. மகன் தன் பெயரில் லொகின் செய்து திறந்தால் ஒரு கணக்கு, அப்பா தன் பெயரில் திறந்தால் இன்னொரு கணக்கு. ‘நேற்றுவரை இருந்த பில் எல்லாம் காணோம்’ என்ற முறைப்பாடுகளில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான். எதுவும் அழியவில்லை, பார்க்கும் இடம்தான் வேறு. மெக் கணினியில் மென்பொருள்கள் வழக்கமாக ‘லைப்ரரி’க்குள் உள்ள ‘அப்ளிகேஷன் சப்போர்ட்’ கோப்புறையில் வைக்கும். லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புறைகளில் தேட வேண்டும். அழிந்துவிட்டது என்று சொல்பவரிடம் இவற்றையெல்லாம் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

இரண்டு கொம்பியூட்டர்களை வைஃபையில் இணைத்து, ஒரே கோப்பைப் பகிர்ந்த கோப்புறையில் வைத்து இரண்டிலும் பில் போடுவதையும் காண்கிறேன். வலையமைப்புக் கோப்புறைகளில் பூட்டு முறை நம்பத்தக்கதல்ல. டபிள்யூஏஎல் முறை அங்கே வேலையே செய்யாது. இரண்டு மெஷின் தேவை என்றால் அதற்கென்று சேர்வரோடு வரும் மென்பொருளைக் கேட்டு வாங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை ‘ஒன்டிரைவ்’, ‘கூகுள் டிரைவ்’ கோப்புறைக்குள் வைப்பதும் ஆபத்து, ஏனென்றால் எஸ்கியூலைட் எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் அவை பாதிக் கோப்பை மேலேற்றிவிடக் கூடும்.

இனி, ‘மெல்ஃபோம்ட்’ என்று வந்து உண்மையாகவே கோப்பு உடைந்திருந்தால் என்ன செய்வது? மென்பொருளை மூடுங்கள். துணைக் கோப்புகளோடு முழுக் கோப்புறையையும் வேறொரு வட்டுக்குப் பிரதி எடுங்கள். இனி எல்லா முயற்சியும் பிரதியில்தான், மூலத்தில் கைவைக்கக் கூடாது. ‘டிபி பிரவுசர் ஃபோர் எஸ்கியூலைட்’ இலவச மென்பொருள், மூன்று இயங்குதளங்களிலும் ஓடும். அதில் பிரதியைத் திறந்து ‘இன்டெக்ரிட்டி செக்’ ஓடவிடுங்கள். ‘ஓகே’ என்ற ஒற்றைச் சொல் வந்தால் கோப்பின் கட்டமைப்பில் கோளாறு இல்லை. பிழைகள் வரிசையாக வந்தால், எஸ்கியூலைட்டின் சொந்தக் கட்டளைக் கருவியில் ‘ரிகவர்’ என்ற கட்டளை 2019 முதல் இருக்கிறது. உடைந்த கோப்பிலிருந்து வாசிக்க முடிந்த எல்லாவற்றையும் எடுத்துப் புதிய கோப்பாகக் கட்டித் தரும். சில வரிகள் போகலாம், பெரும்பாலும் முழுக் கணக்கும் போகாது. இது தெரியாத திருத்துநரிடம் மெஷினை விடவேண்டாம்.

கோப்பைத் திறக்கவே மறுத்து ‘ஃபைல் இஸ் நொட் எ டேட்டாபேஸ்’ என்று வந்தால் விற்றவர் அதைக் கடவுச்சொல்லால் மறையாக்கம் செய்திருக்கலாம். அப்படியானால் அந்தச் சொல் அவரிடம்தான் இருக்கும். அவர் கடையை மூடிவிட்டுப் போனால் கணக்கு உங்கள் மேசையிலேயே இருந்தும் உங்களுக்கில்லை. ஆகவே மென்பொருள் வாங்கும்போதே இரண்டு விடயங்களைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்: கணக்கை எக்செலாகவோ எஸ்கியூலைட்டாகவோ ஏற்றுமதி செய்யும் வசதி, கோப்பின் கடவுச்சொல்.

இப்போது பற்றுச்சீட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் இங்குதான் எல்லாரும் கோட்டைவிடுகிறார்கள். மெஷினைத் திருத்தக் கொடுக்கும்போது வெறுங்கையோடு வரவேண்டாம். திகதி, மெஷினின் தொடரிலக்கம், ஹார்ட் டிஸ்கின் தொடரிலக்கம், ‘உரிமையாளரின் எழுத்து மூலச் சம்மதமின்றித் தரவை அழிக்கக் கூடாது’ என்ற வரி, கடைக்காரரின் கையொப்பம் ஆகியவை அந்தத் துண்டில் இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்கை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள், உங்கள் வாடிக்கையாளர்களின் விபரங்கள் அதில் இருக்கின்றன.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை. சேவையில் குறையிருந்தால் அந்தச் சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். அதன் மட்டக்களப்பு அலுவலகத்துக்குப் போகலாம், அல்லது சபையின் 1977 என்ற எண்ணை அழைத்து எங்கே கொடுப்பது என்று கேட்கலாம். ஆனால் காலவரம்பு மூன்று மாதம்தான். ‘பார்ப்போம், தம்பி எப்படியாவது எடுத்துத் தருவான்’ என்று காத்திருந்து நான்காம் மாதம் போகிறவர்கள் பலர். மூன்று மாதம், திரும்பவும் சொல்கிறேன், மூன்று மாதம். யாராவது வேண்டுமென்றே உங்கள் கணக்கை அழித்தாலோ, மேலதிகப் பணம் கேட்டுத் தூரத்திலிருந்து பூட்டினாலோ அது பாவனையாளர் பிணக்கு அல்ல. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் பொலிஸில் முறையிடுங்கள்.

அரச அலுவலகங்களின் கவலையீனம் தனிக்கதை. 2021 ஜூலையில் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பெருந்தொகைத் தரவு அழிந்துபோனது தெரியவந்தது. 2023 ஓகஸ்டில் அரச மேகக் கணினி அமைப்பு தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் பறிபோயின. அமைப்போடு இணைந்திருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே கெட்டது, தனியே எடுத்து வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. கொழும்பிலேயே இப்படியென்றால் கிராமத்து அலுவலகத்தில் ‘கொம்பியூட்டர் பழுது, உங்கட பதிவு இல்லை’ என்று கூசாமல் சொல்வதில் வியப்பில்லை. அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அது நடைமுறைக்கு வந்தபின் உருவாக்கப்பட்ட பதிவுகளைக் குறைந்தது 12 ஆண்டு பேணவேண்டும் என்கிறது. கணினிப் பதிவுகளும் இதில் அடக்கம். வெள்ளாவெளியிலுள்ள பிரதேச செயலகமானாலும் வேறெந்த அரச அலுவலகமானாலும் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. பதிவைக் கேட்பதோடு, ‘இல்லையென்றால் எப்போது, எப்படி இல்லாமற் போனது’ என்றும் கேளுங்கள். ஏற்புக் கடிதம் வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். வேலை நாட்கள் பதினான்குக்குள் தகவல் கொடுப்பதா இல்லையா என்ற முடிவு வரவேண்டும். வராவிட்டால் அல்லது மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அங்கும் முடியாவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

உங்கள் சொந்தக் கணக்குக்குத் திரும்பினால், காப்புப் பிரதிக்குச் செலவு ஒன்றும் இல்லை. மென்பொருளின் ‘பேக்கப்’ பொத்தானால் எடுங்கள், இழுத்துப் போட்டு எடுப்பது பேக்கப் அல்ல. எடுத்ததை வேறொரு மெஷினில் திறந்து பாருங்கள். மாரிமழைக்கு வாவி பெருகும் இடத்தில் கடை வைத்திருப்பவர் பிரதியை அதே அலுமாரியில் வைத்தால் இரண்டும் ஒன்றாகத்தான் நனையும். மின்சாரம் போய் மென்பொருள் பாதியில் நிற்காமலிருக்க யூபிஎஸ் ஒன்றும் வாங்குங்கள்.

கடன் கொடுக்கும் கடைக்காரர்களுக்கு மட்டும் இன்னொன்று. கடைப் பில், கடைக் கணக்குக் கடன்களுக்கு வழக்குப் போட நமது சட்டத்தில் கடன் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுதான் இருக்கிறது. எழுத்து மூல உடன்படிக்கை என்றால் ஆறாண்டு. கொம்பியூட்டரில் மட்டும் பதியாமல், தொகை, திகதி, எப்போது தருவார் என்பது, அவரது கையொப்பம் ஆகிய நான்கும் உள்ள தாள் ஒன்றை ஒவ்வொரு போகத்திலும் கடன் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள்.