மஞ்சள் விளக்கு சொல்லும் செய்தி

கார் என்பது செல்வர் வீட்டுப் பொருள் என்று கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று வெள்ளகோவிலிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் விசைத்தறி நடத்துவோர், எண்ணெய் ஆலையில் பணிபுரிவோர், ஆசிரியர் எனப் பலரது இல்லங்களில், பிறர் கையிலிருந்து வாங்கிய பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் பழைய கார் ஒன்று நிற்பதைக் காண்கிறோம். மகளின் பேறுகாலத்திற்கும், முதியோரைக் கோவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்கும், ஆண்டுக்கொரு முறை வேளாங்கண்ணி சென்று வருவதற்கும் அதுவே துணை. இத்தகைய காரில் ஒரு நாள், ஓட்டுநரின் கண்ணுக்கு முன்னே எஞ்சின் வடிவில் மஞ்சள் விளக்கு ஒன்று எரியத் தொடங்குகிறது. வண்டியோ எப்போதும்போல் ஓடுகிறது. இரைச்சல் இல்லை, புகை இல்லை. என்ன செய்வதென்று வீட்டார் திகைக்கின்றனர்.

தானே அணைந்துவிடும் என்று மாதக் கணக்கில் விட்டுவிடுவோர் உண்டு. பணிமனைக்குக் கொண்டுசெல்வோர்க்கு, ஸ்டீயரிங்கின் கீழுள்ள துளையில் ஸ்கேனர் என்னும் கருவியைப் பொருத்தி, ‘பி 0420’ என்ற எண்ணைக் காட்டுகின்றனர். “கன்வெர்ட்டர் போயிருச்சுங்ண்ணா, புதுசு போட்டாத்தானுங்க ஆகும்” என்று தீர்ப்பும் உடனே வந்துவிடுகிறது. விலையைக் கேட்டதும் குடும்பத் தலைவரின் முகம் வாடுகிறது. வண்டி நிறுவனத்தின் அசல் உறுப்பு பல பத்தாயிரம் ரூபாய் ஆகக்கூடியது. பழைய வண்டியின் மதிப்பில் அது சிறு பங்கன்று.

இந்த இடத்திலேதான் பொறுமை வேண்டும் என்கிறோம். அந்த எண், கன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. கன்வெர்ட்டரைக் கடந்து வரும் புகை இருக்கவேண்டிய தன்மையில் இல்லை என்று மட்டுமே சொல்லுகிறது. காரணம் கன்வெர்ட்டரிலும் இருக்கலாம். அதற்கு முன்னே எஞ்சினிலும் இருக்கலாம். காரணத்தை நீக்காமல் புதியதைப் பொருத்தினால், புதியதும் விரைவில் பழையதன் வழியே போகும்.

கன்வெர்ட்டர் என்பது என்ன? எஞ்சினிலிருந்து சைலன்சருக்குச் செல்லும் குழாயில் பொருத்தப்பட்ட ஓர் இரும்புக் கலம் அது. அதனுள்ளே தேனடை போன்ற நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டி உள்ளது. அத்துளைகளின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் மிக மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பின்னரே அது வேலை செய்யத் தொடங்கும். அப்போது நச்சுக் காற்றாகிய கார்பன் மோனாக்சைடும், எரியாது தப்பிய பெட்ரோல் ஆவியும் எரிந்து கரியமில வாயுவும் நீராவியுமாக மாறுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் தம் ஆக்சிஜனை இழந்து, நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜனாகவே திரும்புகின்றன. அந்த உலோகங்களோ செலவாவதில்லை. அரிய உலோகம் என்று சொன்னது மிகையன்று: 2021-ஆம் ஆண்டில் ரோடியத்தின் விலை தங்கத்தின் விலையைப் பன்மடங்கு தாண்டிச் சென்றது.

இக்கருவியின் வரலாறும் அறியத் தக்கதே. யூஜீன் ஊட்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1930-இல் அமெரிக்காவில் குடியேறி, பெட்ரோலியச் சுத்திகரிப்பில் பெரும்பெயர் பெற்றவர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய புகைமூட்டத்தைக் கண்டு கவலையுற்ற அவர், இத்தகைய கலத்தை உருவாக்கி 1950-களில் காப்புரிமை பெற்றார். ஆயினும் அது கார்களில் ஏறுவதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1962-இல் காலமானார். தடையாக நின்றது ஈயம். அந்நாளைய பெட்ரோலில் எஞ்சின் தட்டாமலிருக்க ஈயச் சேர்மம் கலக்கப்பட்டது. அந்த ஈயம் விலையுயர்ந்த பூச்சின்மேல் படிந்து அதைச் செயலற்றதாக்கிவிடும். குழந்தைகளின் மூளையைப் பாதிப்பதும் அதே ஈயந்தான். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில்தான் கன்வெர்ட்டர் பரவலாக இடம்பெற்றது.

நம் நாட்டில் 1995 ஏப்ரல் 1 முதல், சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்கப்படும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. அவற்றிற்காக ஈயமில்லாப் பெட்ரோலும் அங்கே வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயம் நீக்கப்பட்டது. உலகின் கடைசி ஈயப் பெட்ரோல் 2021-இல் அல்ஜீரியாவில் முடிவுக்கு வந்தது. ஆகவே, இன்றைய கன்வெர்ட்டரைக் கொல்வது ஈயமன்று. வேறு எதிரிகள் உண்டு.

நிற்க. விளக்கு எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதைச் சற்று விளக்குவோம். கன்வெர்ட்டருக்கு முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரு ஆக்சிஜன் சென்சார்கள் உள்ளன. 2013 ஏப்ரலுக்குப்பின் வந்த பாரத் நிலை 4 கார்களில் இவ்வகைக் கண்காணிப்பை எதிர்பார்க்கலாம். அதற்கு முற்பட்ட பலவற்றில் பின்சென்சாரே இராது. எஞ்சின் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவைச் சுற்றி மாறிமாறிக் கூட்டியும் குறைத்தும் செலுத்துகிறது. அதனால் முன்சென்சாரின் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். நல்ல கன்வெர்ட்டர் ஆக்சிஜன் மிகும்போது அதைச் சேமித்து, குறையும்போது வெளியிடும். ஆகையால் பின்சென்சார் 0.6, 0.7 வோல்ட் அளவில் ஏறத்தாழ அசையாது நிற்கும். குளத்தில் அலை அடங்குவதுபோல என்று கொள்ளலாம். பின்சென்சாரும் முன்சென்சாரைப்போலவே துள்ளத் தொடங்கினால், குளம் தூர்ந்துவிட்டது என்று கணிப்பொறி முடிவு செய்கிறது. ஒரே நாளில் அன்று. பொதுவாகத் தொடர்ந்த ஓட்டங்களில் கண்டு உறுதி செய்த பின்னரே விளக்கை ஏற்றுகிறது.

எனவே மெக்கானிக்கிடம் நாம் முதலில் கேட்கவேண்டியது, எண்ணை அழித்துத் தாருங்கள் என்பதன்று. அழித்தால் விளக்கு அணையும். சில நாள் ஓட்டத்தில் மீண்டும் எரியும். அதோடு, குறை நேர்ந்த பொழுதில் எஞ்சினின் வேகம், வெப்பம் முதலியவை எவ்வாறு இருந்தன என்று கணிப்பொறி எழுதி வைத்த குறிப்பும் அழிந்துபோகும். வேறு எண்கள் உடன் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். பி 0300 முதலான எண்கள் இருந்தால் எஞ்சின் ‘மிஸ்’ ஆகிறது என்று பொருள். அப்போது ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் ஆகியவற்றைச் சீர்செய்வதே முதல் வேலை. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் சென்று எரிந்தால், பீங்கான் தேனடையே உருகிவிடும். விளக்கு நிலையாக எரியாமல் மின்னி மின்னி எரிந்தால் அதன் கருத்து இதுதான். அந்நேரம் வேகத்தைக் குறைத்து, கூடிய விரைவில் நிறுத்திவிட வேண்டும். காங்கயம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டக்கூடாது.

இங்கே பழைய பழக்கம் ஒன்றையும் சொல்லவேண்டும். எந்தச் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்றறிய, எஞ்சின் ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது அம்பாசடர் காலத்து மெக்கானிக்குகளின் வழக்கம். அம்பாசடருக்கு அது பொருந்தியது. கன்வெர்ட்டர் உள்ள வண்டிக்கு அது கேடு. பேட்டரி இறங்கிய காரை நெடுநேரம் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் அவ்வாறே.

அடுத்து எஞ்சின் ஆயில். ஆயிலை அடிக்கடி ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டிய வண்டியில், பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது. ஆயிலிலுள்ள பாஸ்பரஸ் அந்தப் பூச்சை மூடிவிடும். கூலன்ட் குறைந்துகொண்டே போனால், ஹெட் கேஸ்கட் வழியே அது எரிகிறதா என்று பார்க்கவேண்டும். கலப்படப் பெட்ரோலும் ஓர் எதிரி. இவற்றுள் ஒன்று இருக்கும்போது புதுக் கன்வெர்ட்டர் வாங்குவது, ஓட்டைக் குடத்தில் பால் கறப்பதாகும்.

பிறகு கசிவு. மேனிபோல்டு கேஸ்கட்டிலோ, குழாயின் இணைப்பிலோ சிறு வெடிப்பு இருந்தாலும், வெளிக்காற்று உட்புகுந்து சென்சார்களை ஏமாற்றிவிடும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் ‘டிக் டிக்’ என்ற ஒலி கேட்டு, சூடேறியபின் மறைந்தால் இதை ஐயுறலாம். கரிபடிந்த தடமும் காட்டிக்கொடுக்கும். இதைச் சரிசெய்ய ஆகும் செலவு சிறியது. ஆயினும் பலர் பார்க்காமல் தாண்டிச் செல்வது இதைத்தான். பின்சென்சாரையே மாற்றிப் பார்ப்போம் என்று சொல்வோரும் உண்டு. பெரும்பாலும் அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது; செய்தி கொண்டுவந்தவனைத் தண்டிப்பதில் பயனில்லை.

இத்தனையும் சரியாக இருந்தால், வண்டியை இருபது நிமிடம் நெடுஞ்சாலையில் ஓட்டிச் சூடேற்றி, ஸ்கேனரில் இரு சென்சார்களின் கோடுகளையும் ஒருங்கே பார்க்கவேண்டும். வெள்ளகோவிலில் இதற்குக் கரூர்ச் சாலை வாய்ப்பானது. வீட்டிலிருந்து கடைவீதிக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடும் வண்டியில் கன்வெர்ட்டர் முழுச்சூடு அடைவதே அரிது. அந்நிலையில் பார்த்துச் சொல்லும் தீர்ப்பை நாம் நம்புவதற்கில்லை. நன்கு சூடான பின்னும் பின்கோடு முன்கோட்டைப்போல் துள்ளினால், கன்வெர்ட்டர் ஓய்ந்துவிட்டது என்று ஏற்கலாம். ஆறிய பின் கலத்தைக் கையால் தட்டும்போது உள்ளே கலகலவென்று ஒலித்தால் தேனடை நொறுங்கியிருக்கிறது. பிக்கப் குறைந்து வண்டி இழுக்க மறுத்தால் அது அடைத்திருக்கலாம். கொரோனாக் காலத்தில் நெற்றியில் காட்டிய கருவி போன்ற, ஆனால் உயர்வெப்பம் அளக்கவல்ல வெப்பமானியால் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அளந்து பார்ப்பதும் உண்டு. துணைச் சான்றாக மட்டுமே அதைக் கொள்ளலாம்.

புகைச் சோதனைச் சீட்டைப் பலர் மடித்து வைத்துவிடுகின்றனர். அதைப் படிக்கலாம். பாரத் நிலை 4 பெட்ரோல் காருக்கு எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையில் கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காடும், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்கும் எல்லை. முந்தைய ஆண்டுச் சீட்டோடு ஒப்பிட்டால் வண்டியின் போக்கு தெரியும். முறையாகக் குழாயில் கருவியைச் செருகி எடுத்த சீட்டாக இருந்தால்தான் இது உண்மை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செலவைக் கண்டு அஞ்சுவோரிடம் இரண்டு குறுக்குவழிகள் விற்கப்படுகின்றன. பின்சென்சாரை ஓர் இடைக்குழல் வைத்துப் புகையிலிருந்து தள்ளிப் பொருத்தி விளக்கை அணைப்பது ஒன்று. கலத்தினுள் இருக்கும் தேனடையை உடைத்து எடுத்துவிட்டு வெற்றுக் கூட்டைப் பொருத்துவது மற்றொன்று. விளக்கு அணையும், நச்சுக் காற்று அப்படியே வெளிவரும். கார் நின்று ஓடும் இடம் பெரும்பாலும் நம் வீட்டு வாசலும் பள்ளி வாயிலுமே. அங்கே குழாயின் உயரத்தில் நிற்பவர் நம் பிள்ளைகள். இந்த வேலையைச் செய்து தருவதாகச் சொல்லும் பணிமனையை விட்டு வெளியேறுவதே நன்று என்பது நம் கருத்து.

கன்வெர்ட்டர் பழுதாயினும் நல்லதாயினும் ஒன்றை மறக்கலாகாது. ஓடி வந்த வண்டியின் அடியில் அது பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். மிஸ் ஆகும் எஞ்சினில் இன்னும் கூடும். சோளத்தட்டு, வைக்கோல், காய்ந்த புல் ஆகியவற்றின்மேல் வண்டியை நிறுத்தலாகாது. தறிக்கூடத்தின் ஓரம் பஞ்சுக் கழிவு குவித்த இடமும் அவ்வாறே. மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதனை செய்வதும் உயிருக்கு ஆபத்து.

மாற்றியே தீரவேண்டும் என்றானால், அந்த வண்டியின் மாதிரிக்கும் ஆண்டுக்கும் உரியதைத்தான் கேட்டு வாங்கவேண்டும். மலிவான மாற்றுகளில் அரிய உலோகப் பூச்சு குறைவாக இருப்பதால் சில மாதங்களிலேயே அதே எண் திரும்புவதுண்டு. ரசீதில் உறுப்பின் எண்ணையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய கலத்தையும் கேட்டுப் பெறுங்கள். அதிலுள்ள உலோகங்களைப் பிரித்தெடுக்கும் வணிகம் உண்டாகையால், அதற்கென்று ஒரு விலை இருக்கிறது. அது வண்டியின் உடைமையாளருக்குச் சேரவேண்டியது.