கந்தழி: சொல்லும் பொருளும்

தொல்காப்பியப் புறத்திணையியல், கடவுள் வாழ்த்தொடு சார்த்திக் கொடிநிலை, கந்தழி, வள்ளி என்னும் மூன்றனை ஓதும். அவற்றுட் கந்தழியின் பொருளை ஈண்டு ஆராய்வாம்.

புறப்பொருள் வெண்பாமாலை, திருமால் சோ என்னும் அரணை அழித்த வெற்றியையே கந்தழி என்னும். நச்சினார்க்கினியரோ, சார்பொன்றும் வேண்டாது உருவின்றி நிற்கும் பரம்பொருள் என்பர்.

கந்து என்னும் சொல் யானை கட்டுந் தறி, தெய்வம் உறையுந் தூண், பற்றுக்கோடு எனப் பல பொருள் தரும். கந்துடைய பொதியிலில் மகளிர் விளக்கேற்றி வழிபட்டமையைப் பட்டினப்பாலையிற் காண்கின்றோம். பாகலூர், ஓசூர் உள்ளிட்ட கிருட்டினகிரி மாவட்டத்து நடுகற்கள் கந்துகள் அல்ல. எனினும், நட்டதொன்றில் தெய்வங் கண்ட அம்மரபிற்கு அவையும் சான்றாம்.

கந்தினைப் பற்றித் தொழுதாரே, அப்பற்றும் அற்ற நிலையை எண்ணுதல் கூடும். ஆதலின் நச்சினார்க்கினியர் உரை சொல்லமைதிக்கு இயைவதே. ஆயினும், 14ஆம் நூற்றாண்டினராகிய அவர்தம் தத்துவக் கருத்தைத் தொல்காப்பியர்க்கும் உரியதெனத் துணிதல் பொருந்தாது என்பதே எம் முடிபு.